எம்51: சுருள் கைகள் ஏன் தெரியவில்லை?

கேள்வி: 150 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி (குவியத் தூரம் 750 மி.மீ.), மோட்டார் உள்ள ஈக்குவடோரியல் மவுன்ட் (வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கி), டி.எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருக்கிறேன். மொட்டை மாடியிலிருந்து எம்51 சுருள் கேலக்ஸியை 5 நிமிட எக்ஸ்போஷரில் எடுத்தால் படமே ஆரஞ்சாக வெளுத்துவிடுகிறது. 30 விநாடி வைத்தால் இரண்டு வெள்ளைத் திட்டுகள்தான். கைகள் தெரிய என்ன வழி?
– வாசகர், வேளச்சேரி

பதில்: 30 விநாடியே சரி. ஆனால் ஒரு படம் போதாது, 300 வேண்டும்.

அந்தக் கைகளின் ஒளியைவிடச் சென்னை வானத்தின் வெளிச்சம் பல மடங்கு அதிகம். எக்ஸ்போஷரை நீட்டினால் சென்சாரை நிரப்புவது அந்த வெளிச்சம்தான். 30 விநாடிப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்டாக் செய்யும்போது கேலக்ஸியின் ஒளி முழுதாகச் சேரும். நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல்) அதே வேகத்தில் அதிகரிக்காது. மொத்த நேரம் 4 மடங்கானால் தெளிவு 2 மடங்கு. 300 படம் என்பது இரண்டரை மணி நேரம். கைகள் தெளிவாகத் தெரிய அவ்வளவாவது இருந்தால் நல்லது. ஐ.எஸ்.ஓ. 800, ரா ஃபைல். ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) மேடு இடப்பக்கத்திலிருந்து கால் பங்கில் நிற்கட்டும்.

சப்தரிஷி மண்டலத்தின் வால்முனையான மரீசியிலிருந்து சுமார் மூன்றரை டிகிரி தள்ளியிருக்கிறது எம்51. ஏப்ரல் நடுவில் நள்ளிரவு வாக்கிலும், மே நடுவில் 10 மணி வாக்கிலும் உச்சிக்கு வரும். அப்போது வடக்கே 56 டிகிரி உயரம். அமாவாசையை ஒட்டிய இரவுகளாகப் பாருங்கள். பகலில் சூடேறிய தளம் இரவிலும் அனலை விடும், அதில் நட்சத்திரங்கள் கலங்கும். அவசரப்படாமல் தொடங்குங்கள்.

இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறை தொலைநோக்கியைப் பத்துப் பதினைந்து பிக்ஸல் நகர்த்துங்கள் (டிதரிங்). விட்டுவிட்டால், ஸ்டாக் செய்த படத்தில் மழை சாய்ந்து பெய்வதுபோலக் கோடுகள் விழும். முடிந்த கையோடு மூடியைப் போட்டு, அதே ஐ.எஸ்.ஓ., அதே 30 விநாடியில் 30 டார்க் படங்கள் (சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க). கேமராவைக் கழற்றாமல், ஃபோகஸை மாற்றாமல், குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி 30 ஃபிளாட் படங்கள். ஃபிளாட்டைத் தவிர்த்தால், மங்கலான கைகளை மேலே கொண்டுவரும்போது சென்சார் மேல் உள்ள தூசியும் வளையம் வளையமாக எழும்பி வரும்.

உங்களுக்கு வடக்கேதான் நகரம் முழுக்க இருக்கிறது. அதனால் படத்தின் ஒரு பக்கம் வெளுத்திருக்கும். சிரில் மென்பொருளில் பின்னணியை நீக்கும்போது மாதிரிப் புள்ளி (பின்னணியை அளக்கும் இடம்) எதுவும் கேலக்ஸி மேலோ அதன் துணைக் கேலக்ஸி மேலோ விழக்கூடாது. விழுந்தால் கைகளும் சேர்ந்து அழியும்.

கேள்வி: நட்சத்திரங்கள் முட்டை வடிவில் வருகின்றன. துருவ நட்சத்திரமும் தெரிவதில்லை.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: மூலைகளில் மட்டும் வால் நீண்டால் அது கோமா (நியூட்டோனியன் கண்ணாடியின் இயல்பான பிழை), கோமா கரெக்டர் போட வேண்டும். படம் முழுக்க ஒரே திசையில் நீண்டால் மவுன்ட்டின் அச்சு வான துருவத்திலிருந்து விலகியிருப்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 1 டிகிரி விலகினாலே 30 விநாடியில் 8 ஆர்க்செகண்டு (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்டு) வரை நழுவும்.

சென்னையில் துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரத்தில்தான். கட்டடமோ புகைமூட்டமோ மறைத்துவிடும். டிரிஃப்ட் முறையில் (நட்சத்திரம் நழுவும் திசையைப் பார்த்து) அச்சைச் சரிசெய்யுங்கள்: தெற்கு உச்சியில், வான நடுக்கோட்டருகே ஒரு நட்சத்திரம் வடக்கு-தெற்காக நழுவினால் மவுன்ட்டின் கிடைத்திசையைத் திருத்துங்கள், கிழக்கே தாழ்ந்திருக்கும் நட்சத்திரம் நழுவினால் உயரத்தை. நம் ஊரில் அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால் எடைத்தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். இருட்டுவதற்கு முன்பே ஒருமுறை முழுக்கச் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: நெபுலா ஃபில்டர் வாங்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: கேலக்ஸிக்கு வேண்டாம். அதன் ஒளி பெரும்பாலும் நட்சத்திர ஒளி, எல்லா நிறத்திலும் பரவியது. சில நிறங்களை மட்டும் விடும் நெபுலா ஃபில்டர் அதையே வெட்டிவிடும். எல்.இ.டி. தெருவிளக்கும் எல்லா நிறத்திலும் பரவுவதால் அதை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. அந்தப் பணத்தில் ஜவ்வாது மலைக்கு ஓர் அமாவாசை இரவு போய்வாருங்கள். காவலூர் வான் ஆய்வகம் இருப்பதும் அங்கேதான்.