கண்மாயும் ஊரும்: வரத்துக்கால் முதல் நீர்க்கட்டி கூலி வரை (கேள்வி பதில்)

தென் மாவட்டங்களில் கண்மாய் (ஏரி) பாசனச் சங்கங்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர், ஊர் கூடி மண்ணையும் நீரையும் காப்பது பற்றிப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறார்.

கேள்வி (சிவகங்கை மாவட்ட விவசாயி): ஊரில் வரி போட்டு, வெளியூரில் வேலை பார்ப்பவர்களிடமும் பணம் வாங்கி, சென்ற கோடையில் இயந்திரம் வைத்துக் கண்மாயைத் தூர் வாரினோம். ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் பாதி கூடப் பெருகவில்லை. எங்கே தவறு?

பதில்: தூர் வாரியதில் தவறில்லை, அதை முதல் வேலையாகச் செய்ததுதான் தவறு. கண்மாயின் உள்வாயை (நீர் தேங்கும் பகுதியை) ஆழப்படுத்தினால் கொள்ளளவு கூடுமே ஒழிய, வரத்து கூடாது. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 25 மி.மீ. மழை பெய்து, அதில் கால் பங்கு மட்டும் ஓடி வருவதாக வைத்துக்கொண்டாலும் 62 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 500 லாரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு தண்ணீரும் கண்மாய்க்கு வந்து சேர உங்களுக்கு இருக்கும் ஒரே வழி, மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால். அது ஓரிடத்தில் வயலோடு வயலாக உழப்பட்டிருக்கும். ஓரிடத்தில் புதுச் சாலைக்கு அடியில் போட்ட குழாய், வாய்க்காலின் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கும்.

ஆகவே அடுத்த மழையின்போது ஐந்தாறு பேர் குடையோடு கண்மாயின் வாயிலிருந்து மேற்கே வரத்துக்கால் வழியாகவே நடந்து போங்கள். காய்ந்த வாய்க்காலில் கண்ணுக்குத் தெரியாத அடைப்பு, தண்ணீர் ஓடும்போது தானே தெரிந்துவிடும். ஆக்கிரமிப்பு இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கி, நில அளவையருக்கு மனு கொடுத்து அளந்து கல் நடுங்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆக்கிரமித்தவர் பெரும்பாலும் உங்கள் பங்காளியாகவே இருப்பார் என்பதால், மனுவுக்கு முன் ஊர்ப் பொது இடமான மந்தையில் உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடுவது நல்லது என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் ஆடுமாடுகளுக்கும் மீனுக்கும் உதவும், ஆனால் மடை வழியாக வயலுக்குப் பாயாது. மேலும் ஆழமாகத் தோண்டி அடியில் உள்ள களி அடுக்கைக் கிழித்துவிட்டால், பெருகிய தண்ணீரும் வேகமாக இறங்கிவிடும்.

கேள்வி (செம்மண் புஞ்சை வைத்திருப்பவர்): வண்டல் மண் எடுக்க அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? எவ்வளவு எடுக்கலாம்? எல்லா வண்டலும் நல்லதுதானா?

பதில்: விவசாயத்துக்கு வண்டல் இலவசம். அனுமதி வழங்கும் அதிகாரம் 2024இல் வட்டாட்சியருக்கே தரப்பட்டுவிட்டது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. 75 கன மீட்டர் என்றால் சுமார் 26 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஒரு ஏக்கரில் சீராகப் பரப்பினால் பெருவிரல் அகலத்துக்குக்கூட உயராது. அதற்கு மேல் கொட்டத் தேவையும் இல்லை.

எல்லா வண்டலும் நல்லதல்ல. ஒரு பிடி அள்ளி நனைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே திரி போல உருட்டிப் பாருங்கள். உடையாமல் நீளமாக வந்தால் களி மிகுந்த மண். உங்கள் செம்மண்ணின் ஈரம் தங்க அது உதவும். உருளாமல் உதிர்ந்தால் அது வண்டல் அல்ல, மணல். டிராக்டர் வாடகைதான் வீண். வெள்ளையாகப் பூத்திருக்கும் இடத்து மண்ணைத் தொடாதீர்கள், அது உவர். கரையின் அடியை ஒட்டி எந்த மண்ணையும் எடுக்காதீர்கள்.

கேள்வி (பொறியியல் மாணவர்): குடிமராமத்து (ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் பழுது பார்ப்பது) என்பது பழைய காலத்துக் கட்டாய உழைப்புத்தானே? அதை ஏன் புகழ்கிறோம்? அரசு செய்ய வேண்டிய வேலையை மக்கள் ஏன் செய்ய வேண்டும்?

பதில்: நியாயமான கேள்வி, இதைக் கேட்காமல் குடிமராமத்தைக் கொண்டாடுவதில் எனக்கும் உடன்பாடில்லை. உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரியைக் கவனித்த குழுவான ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஏரிப் பராமரிப்புக்கென்று ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலமே ஒதுக்கியிருந்தார்கள். வேலைக்கு வருமானம் இருந்தது. அத்தகைய வருமானம் பிற்காலத்தில் அற்றுப்போக, உழைப்பை மட்டும் ஊர்மீது சுமத்தி, வராதவருக்கு அபராதம் விதிக்க 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் மண்வெட்டியைத் தூக்கியவர் யார், கரையில் நின்று ஏவியவர் யார் என்று பார்த்தால் சாதிப் படிநிலை அப்படியே தெரியும்.

ஆகவே நான் திரும்ப வேண்டும் என்று சொல்வது அந்தக் கட்டாயத்தை அல்ல. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருக்கின்றன; பெரும்பகுதி சிறியவை, ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளவை. கரை கட்டுவது, மடையும் உபரிநீர் வழியும் கலுங்கும் சீர்செய்வது போன்ற பெரும் செலவு அரசினுடையது. அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் வரத்துக்காலில் விழுந்த மரத்தை அன்றே எடுக்கவும், மடைப் பலகையை எந்த இரவில் இறக்குவது என்று முடிவு செய்யவும் எந்தத் துறை வந்து நிற்கும்? அது ஊரில் இருப்பவரால்தான் முடியும்.

கேள்வி: கரையின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் ஈரம் கசிகிறது. ஆபத்தா?

பதில்: கசிவைக் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிவாக இருந்தால் தினமும் கண்காணியுங்கள். கலங்கலாக வந்தால் கரையின் உள்ளே இருந்து மண் அரித்து வருகிறது என்று பொருள். நண்டு வளையோ, கரையான் புற்றோ, செத்த மரத்தின் வேரோ காரணமாக இருக்கலாம். உடனே பொறியாளருக்குச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் களிமண்ணை வைத்து அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வேறிடத்தில் பீறிடும். முதலில் மணல், அதன்மேல் சரளை என்று போட்டால் தண்ணீர் வெளியேறும், மண் தங்கும்.

கேள்வி (ஆடு மேய்ப்பவரின் மகள்): எங்களுக்குக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. நாங்கள் ஏன் கண்மாய் வேலைக்குப் போக வேண்டும்?

பதில்: அம்மா, ஆயக்கட்டுக்காரர்கள் உங்களை வெறுமனே உழைக்கக் கூப்பிட்டால் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். கண்மாய் பெருகினால் உங்கள் தெருக் கிணறும் ஊறும், ஆடும் குடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லிக் கூலியில்லாமல் வேலை வாங்குவது அறமல்ல. மீன் பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்திலும் கருவேல மர ஏலத்திலும் ஊருக்கு வரும் பணத்தில் நிலமில்லாதவர்களுக்கும் பங்கு உண்டு என்று தீர்மானம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சங்கத்தின் குழுவில் உங்கள் தெருவுக்கு ஓர் இடம் கேளுங்கள். பெண்ணுக்கு இடம் என்றால் நீங்களே போய் உட்காருங்கள்.

கேள்வி: சரிவான நான்கு ஏக்கர் மானாவாரி. ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் போய்விடுகிறது.

பதில்: சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், கோடை உழவை விடாதீர்கள். சம மட்டம் பிடிக்க இரண்டு கம்பையும் ஒரு குறுக்குக் கட்டையையும் ஆங்கில ‘A’ எழுத்துப் போலக் கட்டி, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டால் போதும். நூல் குறுக்குக் கட்டையின் நடுக்குறியில் நிற்கும் இடமெல்லாம் ஒரே மட்டம். அந்தக் கோட்டில் வரப்பு போட்டு வெட்டிவேர் நடுங்கள். மேல் நிலத்துக்காரரும் சேர்ந்து செய்யாவிட்டால் அவருடைய தண்ணீர் உங்கள் வரப்பை உடைக்கும் என்பதால், அவரிடம் முதலில் பேசுங்கள். உங்கள் நிலத்தில் தங்கும் மண், கீழே கண்மாயில் போய்த் தூராகச் சேராது.

கேள்வி: சங்கம் தொடங்கிய வேகத்தில் கலைந்துவிடுகிறது. என்ன செய்தால் நிற்கும்?

பதில்: மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டிக்குக் கூலி கொடுங்கள். நான் வேலை செய்த ஓர் ஊரில் மூன்று முறை சங்கம் தொடங்கி மூன்று முறையும் படுத்துவிட்டது. நான்காம் முறை பெரியவர்கள் ஒன்று செய்தார்கள்: அறுவடைக் களத்திலேயே, வீட்டுக்கு மூட்டை போவதற்கு முன், ஏக்கருக்கு இத்தனை மரக்கால் நெல் என்று நீர்க்கட்டிக்கு அளந்துவிட்டார்கள். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. தனியாகக் கணக்கு கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. அந்த நீர்க்கட்டி ஆடி மாதமே மண்வெட்டியோடு வரத்துக்காலில் இறங்கிவிடுவார். அவர் இறங்கியதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வந்தார்கள்.