முடிந்த துணியும் விட்ட துணியும்

"ஸ்காட்லாந்தில் ஓர் ஊற்றைச் சுற்றியுள்ள மரங்களிலெல்லாம் கந்தல் துணிகள் தொங்கும் படத்தைப் பார்த்தேன். நம் ஊர் அரசமரத்தில் கட்டும் தொட்டிலும் இதுவும் ஒரே வழக்கம்தானா? இப்படிச் சேரும் துணிகளை அகற்றினால் தவறாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் பல ஆண்டுகளாகக் கட்பீஸ் கடை நடத்தி வருபவன் நான். எனவே துணியின் பக்கத்திலிருந்தே இதற்குப் பதில் எழுதுகிறேன். இரண்டும் ஒன்றல்ல என்பது என் கருத்து. அகற்றலாமா என்ற கேள்விக்கான விடையும் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

நீங்கள் பார்த்த படம் பெரும்பாலும் இன்வர்னஸ் நகருக்கு வடக்கே, மன்லாக்கி என்ற ஊருக்கு அருகில் உள்ள கிளூட்டி கிணற்றின் படமாக இருக்கும். ஸ்காட் மொழியில் 'கிளூட்' என்றால் துணி. கிணறு என்று சொன்னாலும் அது நம் உறைகிணறு போன்றதன்று. காட்டுச் சரிவில் கசிந்து வரும் ஊற்று. நோயாளி அல்லது அவருக்காக வேண்டிக்கொள்பவர் ஊற்றைச் சூரியன் செல்லும் திசையில் வலம் வந்து, துணியை அந்நீரில் நனைத்து, நோயுள்ள இடத்தைத் துடைத்து, பிறகு அதை அருகிலுள்ள மரக்கிளையில் கட்டிவிடுவார். துணி வெயிலிலும் மழையிலும் நைந்து இற்றுப்போகப்போக நோயும் இற்றுப்போகும் என்பது நம்பிக்கை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் பகுதியிலுள்ள மேட்ரன் ஊற்றிலும், அயர்லாந்தின் பல புனித ஊற்றுகளிலும் இதே வழக்கம் உண்டு. 1581 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இத்தகைய ஊற்றுகளுக்கு யாத்திரை போவதைச் சட்டம் இயற்றித் தடை செய்தும் மக்கள் கேட்கவில்லை. நல்ல தண்ணீர் ஊறும் இடத்தைச் சாமியாக நினைக்காதே என்று எந்தச் சட்டம் சொல்லி எந்த ஊர் கேட்டிருக்கிறது?

இதை வடசென்னைக்காரருக்கு விளக்கவே வேண்டியதில்லை. கோட்டைக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக 1772 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார் கிணறு வெட்டிய இடம் இன்றும் எங்களுக்கு ஏழு கிணறுதான். என் ஆயா திருவொற்றியூர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அலையடிக்கும் இடத்திலிருந்து சற்றே உள்ளே தள்ளி, கையாலேயே மணலைப் பறித்து ஊற்று நீர் எடுத்ததைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தாழ்ந்துவிடும். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்பு நீரின்மேல் தனியே நிற்கும். ஆழம் கூடிவிட்டால் கரிக்கும். எவ்வளவு தோண்டலாம் என்று தெரிந்தவருக்கே நல்ல தண்ணீர்.

இனி நம் துணிக்கு வருகிறேன். எனக்கு எட்டு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது அம்மா மஞ்சள் நனைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்தின் அருகில் வைத்தார். குணமான பிறகும் திருப்பதிக்குப் போக வசதிப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து நான் அந்த முடிச்சை விளையாட்டாகத் தொட்டபோது, "அவுத்துடாதடா, இன்னும் காசு கட்டல" என்று பதறினார். அந்தச் சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த முடிச்சு ஒரு கடன் பத்திரம். வேண்டுதல் நிறைவேறும் வரை அது அழியக் கூடாது. நிறைவேறியதும் முடிந்தவரே அவிழ்க்க வேண்டும். பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டும் தொட்டிலும் இந்த இனம்தான். நோய் அதில் ஏறுவதில்லை; கேட்டது என்ன என்பதைத் தெய்வத்துக்கு நினைவூட்டிக்கொண்டு அது தொங்குகிறது.

கிளூட்டி துணியோ கடனன்று, கழிப்பு. அதைக் கட்டியவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறர் கட்டியதை அவிழ்த்தால் அவருடைய நோய் அவிழ்த்தவரைப் பற்றும் என்றும் சொல்வார்கள். இதற்கு நம்மிடம் உறவு தேட வேண்டுமானால் அரசமரத்தை விட்டுவிட்டுத் திருநள்ளாற்று நள தீர்த்தத்துக்குப் போக வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டால் சனி தோஷமும் அதனோடு போய்விடும் என்று நினைத்து விடுகிறார்கள். பாபநாசத்தில் தாமிரபரணியிலும் அப்படியே செய்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று, படுக்கையில் விரித்திருந்த பழைய வேட்டியை யாரும் துவைத்து மடித்து வைத்ததில்லை. அதுவும் விட்ட துணிதான்.

விட்ட துணி மக்க வேண்டும். அதில்தான் இன்றைய சிக்கல். என் கடையில் ஒரு துணி பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி காகிதம்போல் எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கருத்த மணிபோல் கெட்டியாகிவிடும். அந்த மணியை நகத்தால் நசுக்க முடியாது. மல் என்ற மெல்லிய பருத்தித் துணியின் ஒரு கிழிசல் கிளையில் தொங்கினால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் நார் நாராகிவிடும். பாலியஸ்டர் சட்டையோ நிறம் வெளுத்தாலும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். நம்பிக்கையின் கணக்குப்படியே பார்த்தாலும் அதைக் கட்டியவரின் நோய் தீரக் கூடாது! மன்லாக்கியில் இப்போது காலுறை, பனியன், செருப்பு வரை கட்டுகிறார்கள். நள தீர்த்தத்திலும் பாபநாசத்திலும் நைலக்ஸ் போன்ற மக்காத புடவைகளை அள்ளிக் கரையேற்றுவது தனி வேலையாகிவிட்டது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரே விடை கிடையாது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாரோ ஒருவர் மன்லாக்கிக் கிணற்றில் தொங்கிய துணிகளை எவரையும் கேட்காமல் வாரி அகற்றியபோது ஊரார் பலர் வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. என்றாலும், மக்காத துணியை அகற்றுவதால் அந்த வழக்கத்துக்குப் பங்கம் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. மழை செய்ய வேண்டியதைக் கை செய்கிறது, அவ்வளவே. பருத்திக் கந்தலை விட்டுவைக்கலாம். அது தானே போய்விடும்.

நம் தொட்டிலும் முடிச்சும் அப்படியல்ல. அவற்றை அகற்றுவதற்கு முன் பூசாரியிடமாவது ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஏனென்றால் கட்டியவர் இன்னும் கடன் தீர்க்காமல் இருக்கலாம். மரத்தின் நிலையையும் பாருங்கள். நைலான் கயிற்றால் கிளையை இறுக்கிக் கட்டினால், கிளை பருக்கும்போது கயிறு பட்டையை அறுக்கும். பட்டைக்கு அடியில்தான் இலையில் உண்டான உணவு கீழே இறங்குகிறது என்பதால், சுற்றிலும் அறுபட்ட கிளை நாளடைவில் பட்டுப்போகும். அத்தகைய கயிற்றை யாரையும் கேட்காமலே அறுத்துவிடலாம் என்பேன்.

ஆடி மாதத்தில் என் கடைக்கு வேண்டுதலுக்கு மஞ்சள் துணி கேட்டு வருபவர்கள் பலர். மல் துணியை எடுத்துக் காட்டினால், "சாயம் போயிடுமே" என்று பாலியஸ்டரைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் காசு முடிந்து வைக்கத்தான் என்றால் பேசாமல் கொடுத்துவிடுவேன். திருநள்ளாற்றுக்குப் போவதாகச் சொன்னால் மட்டும், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம், வீட்டிலிருக்கும் பழைய பருத்தி வேட்டியைக் கட்டிக்கொண்டு போங்கள், அதையும் தண்ணீரில் விடாமல் கரையில் விடுங்கள் என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறேன்.