'மஸ்ட் பி'யும் 'ஷுட் ஹேவ் பீன்'னும்: ஆங்கிலச் செயப்பாட்டு வினை கேள்வி பதில்

கேன், மே, மஸ்ட், ஷுட், வில், ஷால் போன்ற துணைவினைகளோடு செயப்பாட்டு வினை, அதாவது 'பாசிவ் வாய்ஸ்', சேரும்போது எழும் சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். கடிதங்களையும் அறிவிப்புகளையும் இரு மொழிகளுக்கிடையே மாற்றித் தருவது என் தொழில். இலக்கணப் பேராசிரியன் அல்ல. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் விளங்கும்.

பத்தாம் வகுப்பு மாணவி: எந்தத் துணைவினை வந்தாலும் ஒரே சூத்திரம்தானா, ஐயா?

ஒரே சூத்திரம்தான் அம்மா. துணைவினை, அதன்பின் 'பி', அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். 'யூ மஸ்ட் வாஷ் தி பிளேட்ஸ்' என்பது 'தி பிளேட்ஸ் மஸ்ட் பி வாஷ்ட்' ஆகும். தட்டு ஒன்றானாலும் நூறானாலும் 'பி' அப்படியே நிற்கும். 'மஸ்ட் ஆர்', 'கேன் இஸ்' எல்லாம் கிடையாது. இன்னொன்று, இரண்டு துணைவினைகள் அடுத்தடுத்து உட்காராது. 'வில் கேன் பி டன்' தவறு.

அலுவலக உதவியாளர்: ஆங்கில அறிவிப்புகள் ஏன் எப்போதும் செயப்பாட்டு வினையிலேயே இருக்கின்றன? அவற்றைத் தமிழாக்கும்போது 'நிரப்பப்பட வேண்டும்', 'விடப்பட வேண்டும்' என்றுதான் எழுத வேண்டுமா?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'காலணிகளை வெளியே விட வேண்டும்' என்று ஒரு பலகை இருக்கிறது. யார் விட வேண்டும்? சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வாசலில் நிற்பவருக்குத் தெரியும். தமிழ் வாக்கியம் எழுவாய் இல்லாமலே நிமிர்ந்து நிற்கும். ஆங்கிலத்துக்கு அந்தச் சுகம் இல்லை. 'மஸ்ட் லீவ் ஷூஸ் அவுட்சைட்' என்று எழுதினால் தலையில்லாத முண்டம். எழுவாய் நாற்காலியில் யாரையாவது உட்கார வைத்தாக வேண்டும். 'யூ' என்று போட்டால் விரல் நீட்டி அதட்டுவது போல் ஆகிவிடுகிறது. ஆகவே செருப்பையே தூக்கி அந்த நாற்காலியில் வைத்துவிடுகிறார்கள்: 'ஷூஸ் மஸ்ட் பி லெஃப்ட் அவுட்சைட்'.

ஆக, ஆங்கிலம் செயப்பாட்டு வினையைக் கொண்டு தீர்த்துக்கொள்ளும் சிக்கல் தமிழில் எழுவதே இல்லை. 'படிவத்தை நீல மையில் நிரப்ப வேண்டும்' என்பதே 'தி ஃபார்ம் மஸ்ட் பி ஃபில்ட் இன் புளூ இங்க்' என்பதற்குச் சரியான இணை. 'நிரப்பப்பட வேண்டும்' பிழையல்ல. ஆனால் அந்தப் 'பட' அங்கே வெட்டியாக நிற்கிறது. செய்பவரைச் சொல்லாமல் விட நம்மிடம் பழைய வழிகள் நிறைய உண்டு. செயப்படுபொருளைத் தானே செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியம் அனுமதிக்கிறது. உரைகாரர்கள் 'திண்ணை மெழுகிற்று' என்று உதாரணம் காட்டுகிறார்கள். திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளுமா? யாரும் கேட்கவில்லை.

'பட' பொருந்தும் இடமும் இருக்கிறது. 'குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும்' என்பதில் நம் பார்வை தண்டிப்பவர்மேல் இல்லை, தண்டனை பெறுபவர்மேல் இருக்கிறது. அங்கே தாராளமாக எழுதுங்கள்.

செவிலியர்: மருந்து அலமாரியில் 'தி கப்போர்ட் மஸ்ட் பி லாக்ட்' என்று எழுதி ஒட்டினேன். இதற்கு 'பூட்டியிருக்கும் போல' என்றும் பொருள் உண்டு என்கிறார் ஒரு தோழி. உண்மையா?

உண்மை. அவர் உங்களைச் சீண்டுவதற்காகச் சொல்லியிருக்கலாம், ஆனாலும் உண்மை. 'பூட்ட வேண்டும்' என்ற கட்டளையும் 'பூட்டியிருக்கும்' என்ற ஊகமும் அந்த ஒரே வாக்கியத்தில் அடங்கும். ஒட்டிய காகிதத்தை யாரும் ஊகமாகப் படிக்க மாட்டார்கள். அப்படியும் உறுத்தினால் 'அட் ஆல் டைம்ஸ்' என்று சேர்த்துவிடுங்கள், ஊகத்துக்கு இடமிருக்காது.

சிரிப்பு என்னவென்றால், இங்கே தெளிவாக இருக்கும் தமிழ் இன்னோரிடத்தில் குழப்பும். 'நேற்றே பூட்டியிருக்க வேண்டும்' என்கிறோம். பூட்டவில்லையே என்ற குறையா, பூட்டியிருப்பார்கள் என்ற ஊகமா? குரலை வைத்துத்தான் தெரியும். ஆங்கிலம் இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. பேச்சு நடந்து முடிந்ததைப் பற்றியது என்பதால் சூத்திரத்தின் 'பி' இங்கே 'ஹேவ் பீன்' ஆகிறது. குறை என்றால் 'ஷுட் ஹேவ் பீன் லாக்ட்'. ஊகம் என்றால் 'மஸ்ட் ஹேவ் பீன் லாக்ட்'.

இதில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் புகார்க் கடிதம் கொண்டுவந்தார். 'முன்பணத்தைச் சென்ற மாதமே திருப்பித் தந்திருக்க வேண்டும்' என்று இருந்தது. நான் 'மஸ்ட் ஹேவ் பீன் ரிட்டர்ன்ட்' என்று எழுதித் தந்தேன். பணம் வரவில்லை என்று புலம்பிய மனிதர், வந்திருக்கும் என்று தாமே ஒப்புக்கொண்டது போல் ஆகிவிட்டது. மறுபடி எழுதிக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: 'மஸ்ட் நாட் பி', 'நீட் நாட் பி' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை தம்பி. 'மஸ்ட் நாட் பி ஓப்பன்ட்' என்றால் திறக்கக் கூடாது. 'நீட் நாட் பி ஓப்பன்ட்' என்றால் திறக்க வேண்டியதில்லை, திறந்தாலும் குற்றமில்லை. நம் 'வேண்டாம்' இரண்டு பக்கமும் சாயும் என்பதால்தான் இந்தத் தடுமாற்றம். 'மே நாட் பி'யிடமும் எச்சரிக்கையாக இருங்கள். 'ஃபீஸ் மே நாட் பி ரிஃபண்டட்' என்றால் கட்டணத்தைத் திருப்பித் தரக் கூடாது என்ற விதியாகவும் படிக்கலாம், தராமலும் போகலாம் என்ற எச்சரிக்கையாகவும் படிக்கலாம்.

ஆசிரியை: என் மாணவர்கள் 'தி மீட்டிங் ஷுட் பி ஹேப்பண்ட்' என்று விடாமல் எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

'ஹேப்பன்' செயப்படுபொருள் குன்றிய வினை, அதற்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது. அரைவ், அக்கர், டிஸப்பியர் எல்லாம் அதே குடும்பம். பிள்ளைகளுக்குத் தமிழிலேயே காட்டுங்கள். 'நட' வேறு, 'நடத்து' வேறு. கூட்டத்தை 'நடத்தலாம்', 'நடக்க' முடியாது. 'ஐ' உருபு ஏற்கும் சொல்லை எது கேட்கிறதோ அதுவே செயப்பாட்டு வினையாகும். ஆகவே 'ஷுட் பி ஹெல்ட்' அல்லது வெறும் 'ஷுட் ஹேப்பன்'.

வழக்கறிஞர் அலுவலகத் தட்டச்சர்: சட்ட ஆவணங்களில் 'ஷால் பி' ஏன் இவ்வளவு வருகிறது? 'மஸ்ட் பி' என்று மாற்றலாமா?

நீங்களாக மாற்றாதீர்கள், திட்டு விழும். சட்டத்தில் 'ஷால்' என்பது கட்டளை. இந்திய அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு 'நோ பர்சன் ஷால் பி டிப்ரைவ்ட்' என்றுதான் ஆரம்பிக்கிறது: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி, உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது. பதினான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் 24-ஆம் பிரிவிலும் 'ஷால் பி எம்ப்ளாய்ட்' இருக்கிறது. 1948-இல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 'நோ ஒன் ஷால் பி' என்ற தொடக்கம் திரும்பத் திரும்ப வரும். பறிப்பவர் போலீஸ்காரரா, அமைச்சரா, முதலாளியா என்று பட்டியல் போட்டால் யாராவது விடுபடுவார். செய்பவரைச் சொல்லாமல் விட்டதால் தடை எல்லோர்மீதும் விழுகிறது. செயப்பாட்டு வினை சோம்பேறி நடை என்று திட்டுபவர்கள் இந்த வாக்கியங்களைச் செய்வினையில் எழுதிப் பார்க்கட்டும்.

'ஷால்' குழப்புகிறது என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் எளிய நடையில் திருத்தி எழுதியபோது அந்தச் சொல்லை நீக்கி, 'மஸ்ட்', 'மே', 'ஷுட்' என்று இடத்துக்கேற்ப வைத்தார்கள். முழு விசாரணை இல்லாமலே தீர்ப்பளிப்பது பற்றிய 56-ஆம் விதியில் வைத்த 'ஷுட்' பொருளையே மாற்றிவிடும் என்ற கவலை எழ, 2010-இல் அங்கே மட்டும் 'ஷால்' திரும்பி வந்தது.

கல்லூரி மாணவர்: செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றினால் பொருள் மாறாது என்று படித்தோம். சரிதானே?

தேர்வுத்தாளில் சரி. வெளியே எப்போதும் சரியல்ல. 'தி டாக்டர் வோன்ட் எக்ஸாமின் தி பாய்' என்றால் ('வோன்ட்' இங்கே 'வில் நாட்' என்பதன் சுருக்கம்), டாக்டர் மறுக்கிறார் என்று படிக்கலாம். அதையே 'தி பாய் வோன்ட் பி எக்ஸாமின்ட் பை தி டாக்டர்' என்று திருப்புங்கள். இப்போது முரண்டு பிடிப்பது பையன். 'வில்'லுக்குள் ஒளிந்திருக்கும் விருப்பம், எழுவாய் நாற்காலியில் இருப்பவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'கேன்' கூட அப்படித்தான். 'மை சன் கான்ட் சிங் திஸ் சாங்' என்பதில் மகனுக்குத் திறமை போதவில்லை. 'திஸ் சாங் கான்ட் பி சங்' என்றால் குறை பாட்டிடம்.

அதே மாணவர்: 'வில் பி பீயிங் டன்' என்று எழுதலாமா?

இலக்கணம் இடம் தரும். நாக்கு தராது.

மென்பொருள் நிறுவன ஊழியர்: ஒரு கோப்பைச் சரிபார்க்காமல் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டோம். மேலதிகாரிக்கு 'தி ஃபைல் ஷுட் ஹேவ் பீன் செக்ட்' என்று எழுதலாமா?

சக ஊழியர் தவறியிருந்தால், பெயர் சொல்லாமல் குறையை மட்டும் சொல்ல அது நல்ல வழி. தவறியது நீங்கள் என்றால் 'ஐ ஷுட் ஹேவ் செக்ட் தி ஃபைல்' என்று எழுதுங்கள். செயப்பாட்டு வினையில் எழுதினால் 'பை ஹூம்?' என்று இரண்டே சொல்லில் பதில் வரும். பிறகு அதற்கும் பதில் எழுத வேண்டியிருக்கும்.