மறுபடி கொதிக்க வச்ச சூப்பும் பிள்ளையோட வாந்தியும்

ராத்திரி வச்ச சூப்ப மறுபடி கொதிக்க வச்சு குடுத்ததுல பையன் வாந்தி எடுத்தான், யூடியூப்ல பார்த்த கதை மாதிரி ஈரல் கெட்டுப்போயிருக்குமோன்னு பயந்து கடிதம் எழுதியிருக்கீங்க. அப்படி நினைக்க ஒரு காரணமும் இல்லமா, முதல்ல அந்த பயத்த விடுங்க. திங்கக்கிழமை காலையில நாலு தடவ வாந்தி எடுத்தவன் சாயந்திரமே கஞ்சி கேட்டு குடிச்சிருக்கான், மறுநாள் பாலர் பள்ளிக்கும் போயிருக்கான், ஈரல் கெட்ட பிள்ள அப்படி எழுந்து ஓடாது. நீங்க யூடியூப்ல பார்த்த கதை பொய் இல்ல, 2008ல பெல்ஜியத்துல 20 வயசு பையன் ஒருத்தன் பழைய ஸ்பெகட்டி சாப்பிட்டு இறந்துபோனது நடந்ததுதான். ஆனா அது அஞ்சு நாள் வெளியிலேயே கிடந்த ஸ்பெகட்டி. அந்த அஞ்சு நாளை வீடியோவுல அழுத்தி சொல்றதில்ல, இங்க கோலாலம்பூர் செந்தூல்ல உங்கள மாதிரி ஒரு அம்மா நானே என் பிள்ளைக்கு விஷம் குடுத்துட்டேனான்னு ராத்திரியெல்லாம் தூங்காம கிடக்குறாங்க.

நடந்தது இதுதான். ஞாயித்துக்கிழமை ராத்திரி பெரிய பானையில கோழி, கேரட், நூடுல்ஸ் எல்லாம் ஒண்ணா போட்டு சூப் வச்சு, மூடி அடுப்பு மேலயே விட்டுட்டீங்க, காலையில நல்லா கொதிக்க வச்சு குடுத்தீங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி, காய்ச்சல் இல்ல, பேதி இல்ல. பசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இருக்கு, இது அதோட வேலை மாதிரிதான் தெரியுது. சோறு, நூடுல்ஸ், மாவுல எல்லாம் அதோட விதை மாதிரி ஒண்ணு இருக்கும், கொதிச்சாலும் சாகாது. நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு பெரிய பானை ஆற எத்தன மணி நேரம் ஆகும்னு பாருங்க, அந்த வெதுவெதுப்புல அது ராத்திரி முழுக்க பெருகி விஷத்த கக்கி வச்சிடும். காலையில கொதிக்க வச்சப்போ கிருமி செத்திருக்கும், அது கக்குன விஷம் அப்படியே இருக்கும். வாடையும் வராது, ருசியும் மாறாது. பாட்டி காலத்துல மீன் குழம்ப சுட வச்சு சுட வச்சு சாப்பிட்டோமேன்னு கேப்பீங்க, அதுல புளி இருக்கு, ஓரளவு தாங்கும். கோழி சூப்புல அது ஏது?

இதவிட எனக்கு கோவம் வந்தது வேற இடத்துலமா. அப்பாவோட வாந்தி மாத்திரைய கால்வாசி உடைச்சு குடுத்தேன், போன தடவ மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மருந்தும் ஒரு ஸ்பூன் குடுத்தேன்னு சாதாரணமா எழுதியிருக்கீங்க. பெரியவங்க போடுற சில வாந்தி மாத்திரை சின்ன பிள்ளைக்கு கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்க வைக்கும், கண்ணு மேல சொருகிக்கும், பார்த்தா வலிப்பு மாதிரியே இருக்கும். ஏற்கனவே வயித்துக்குள்ள போன விஷத்த ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது. தயவு செஞ்சு இனிமே வேணாம். ஹண்ட்ரட் ப்ளஸ்ங்குற கேஸ் பானத்துல கேஸ எடுத்துட்டு குடுக்குறதும் வேணாம், அதுல சக்கர ஜாஸ்தி, உப்பு பத்தாது. பார்மசியில ஓஆர்எஸ்னு உப்பும் சக்கரையும் கலந்த தூள் பாக்கெட் கிடைக்கும், அதுல எழுதியிருக்குற அளவு தண்ணியில கலக்கி, அஞ்சு நிமிசத்துக்கு ஒரு ஸ்பூன், அவ்ளோதான்.

இனிமே இப்படி வாந்தி வந்தா நீங்க பார்க்க வேண்டியது யூரின். எத்தன வாந்திங்குறத விட அவன் கடைசியா எப்போ ஒண்ணுக்கு போனான்ங்குறதுதான் எனக்கு முக்கியம். ஆறு மணி நேரமா போகல, அழுதா கண்ணுல தண்ணி வரல, எழுப்பினா எழுந்துக்காம துவண்டு துவண்டு விழுறான்னா அது தூக்கம்னு விட்டுடாதீங்க, விடியட்டும்னு காத்திருக்கவும் வேணாம், நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு போங்க. பெரிய பெரிய வியாதி பேரெல்லாம் தேடி படிச்ச உங்க கடிதத்துல பையன் அன்னைக்கு ஒண்ணுக்கு போனானாங்குறது மட்டும் இல்ல.

சூப்ப நிறுத்த வேணாம், சளி பிடிச்ச பிள்ளைக்கு சூடா இறங்க நல்லதுதான். ஆனா நூடுல்ஸ தனியா அவிச்சு, சாப்பிடுற நேரத்துல மட்டும் சேருங்க. மிச்ச சூப்ப பானையோட வைக்காம தட்டையான சின்ன டப்பாவுல பிரிச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஐஸ்பெட்டிக்குள்ள வச்சிடுங்க. லேசா சூடு இருந்தாலும் பரவால்ல, முழுசா ஆறட்டும்னு விடுறதுலதான் வினையே. மூணு நாளைக்குள்ள முடிச்சிடுங்க, ஃப்ரீசர்ல ரெண்டு மூணு மாசம் தாங்கும். எடுக்குறப்போ வேணுங்குறத மட்டும் எடுத்து ஒரு தடவ நல்லா கொதிக்க விட்டு குடுங்க.

ஐஸ்பெட்டியில வச்ச சூப்பு மேல வெள்ளையா படியுறது கொழுப்பு, ஜெல்லி மாதிரி ஆகுறது எலும்புல இருந்து வர்ற ஜெலட்டின், கொதிக்கும்போது வர்ற நுரை புரதம். எதுவும் கெட்டது இல்ல.

அப்புறம், அந்த காலையில அதே பானையில இருந்து ரெண்டு டப்பா ஃப்ரீசர்ல எடுத்து வச்சிருக்கேன், குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ஐஸ் ஆனாலும் அந்த விஷம் போகாதுமா. கோழி வீணாகுதேன்னு பார்க்காதீங்க, இன்னைக்கே எடுத்து கொட்டிடுங்க.