சாண்டா பார்பராவில் 14 லட்சம் டாலருக்கு ஒரு சின்ன வீடு: வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பராவில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் இங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் உதவிப் பேராசிரியர், டென்யூர் (நிரந்தரப் பணி) வர இன்னும் மூன்று ஆண்டு ஆகும். நான் பக்கத்திலுள்ள கோலீட்டாவில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். இருவருக்கும் எச்-1பி விசா, அதாவது வேலையை நம்பிய தற்காலிக விசா. சின்னக் குழந்தை உண்டு. ஆண்டுச் சம்பளம் 2.3 லட்சம் டாலர், கைக்கு வருவது மாதம் 13,000. வாடகை 4,200. சேமிப்பு 3 லட்சம் டாலர். இரண்டு படுக்கையறை வீடு ஒன்று 14 லட்சம் டாலருக்கு வந்திருக்கிறது. "வாடகை கொடுப்பது தண்டம்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கோயம்புத்தூர் பக்கம் இருக்கும் நிலத்தை விற்றுத் தருவதாக அப்பாவும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். டென்யூர் முடிவு வரட்டும்.

முதலில் கணக்கு. 20 சதவீதம் முன்பணம் போட்டால் கடன் 11.2 லட்சம் டாலர். 30 ஆண்டுக்கு 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 7,080. இங்கே சொத்து வரி ஏறக்குறைய 1.1 சதவீதம், அதில் மாதம் 1,280. காப்பீட்டுக்குக் குறைவாகவே 300 போடுவோம். கூரை, குழாய், கறையான் என்று பராமரிப்புக்கு வீட்டு விலையில் ஆண்டுக்கு ஒரு சதவீதம், அதாவது மாதம் 1,170. மொத்தம் 9,800-ஐத் தாண்டுகிறது. மீதி 3,200-இல் குழந்தையோடு சாண்டா பார்பராவில் குடும்பம் நடத்த வேண்டும்.

தண்டம் என்ற பேச்சுக்கு வருவோம். முதல் மாதத் தவணையில் அசலுக்குப் போவது ஆயிரம் டாலர்தான். மற்ற 8,800-உம் வட்டி, வரி, காப்பீடு, பராமரிப்பு என்று போய்விடும். வாடகையில் போவது 4,200. வித்தியாசம் ஆண்டுக்கு 55,000 டாலர். வீட்டு விலை ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 4 சதவீதம் ஏறினால்தான் இது சமன் ஆகும். வருமான வரியில் மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிச்சமாகலாம். ஆனால் மத்திய வரியில் 7.5 லட்சம் டாலர் கடன் வரைக்கும்தான் வட்டிக் கழிவு உண்டு. மிச்சமாவதில் பெரும்பகுதியை, முன்பணமாகப் போட்ட 2.8 லட்சம் வேறு இடத்தில் சம்பாதித்திருக்கக்கூடிய வட்டி விழுங்கிவிடும். விற்கும்போது தரகுக்கும் மற்ற செலவுக்கும் விலையில் ஐந்தாறு சதவீதம் தனியாகப் போகும். வாடகையும் வருடா வருடம் ஏறும், மறுக்கவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு அங்கேயே இருப்பீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் இந்தக் கணக்கே மாறும்.

அந்த உறுதிதான் உங்களிடம் இல்லை. வீட்டு விலையைவிட என்னை யோசிக்க வைப்பது இதுதான். சாண்டா பார்பரா நகரத்தில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். உங்கள் இருவர் படிப்புக்கும் ஏற்ற வேலை தரும் இடங்களை எண்ணிவிடலாம். சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை போனால், வீட்டை மாற்றாமலே அடுத்த கம்பெனிக்குப் போகலாம். இங்கே வேலை போனால் ஊரையே மாற்ற வேண்டியிருக்கும். எச்-1பியில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். டென்யூர் கிடைக்கவில்லை என்றால் கணவரும் வேறு ஊரில்தான் வேலை தேடுவார். அவசரமாக விற்கும் வீட்டுக்கு நல்ல விலை வராது, எவ்வளவு பணக்கார ஊராக இருந்தாலும் சரி.

பக்கத்து வீட்டுக்காரர் சொற்ப வரி கட்டுகிறாரே என்று தோன்றும். 1978-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆவது பிரேரணைப்படி, வரிக்கான மதிப்பு வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதனால் பழைய ஆட்கள் விற்பதில்லை, சந்தைக்கு வரும் சில வீடுகளுக்கு அடிதடி. நீங்களோ இன்றைய விலைக்கு வரி கட்ட வேண்டும். இந்தச் சலுகையின் ருசி, பல வருடம் அங்கேயே கிடப்பவர்களுக்குத்தான்.

காப்பீடு இன்னொரு தலைவலி. 2017 டிசம்பரில் தாமஸ் காட்டுத்தீ, அடுத்த மாதமே பக்கத்து மான்டெசிட்டோவில் மண்சரிவு, 23 பேர் இறந்தார்கள். 101 நெடுஞ்சாலை இரண்டு வாரம் போல மூடிக்கிடந்தது. 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீடு கொடுப்பதையே நிறுத்தியது. சாதாரண வீட்டு பாலிசியில் வெள்ளமும் நிலநடுக்கமும் சேராது. ஆகவே எந்த வீட்டைப் பார்த்தாலும், விலை பேசும் முன்பே அந்த முகவரிக்குக் காப்பீட்டு விலைப்புள்ளி வாங்கிவிடுங்கள்.

வென்ச்சுராவுக்குப் போனால் கொஞ்சம் மலிவு, ஆனால் தினமும் 101-இல் நெரிசல். லாம்போக் இன்னும் மலிவு, இன்னும் தூரம். குழந்தை சின்ன வயதில் இருக்கும்போது இரண்டையும் நான் சொல்லமாட்டேன்.

நண்பர்கள் யாரும் சொல்லாத ஒரு வழி உங்கள் கணவரின் வேலையிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகம் தன் நிலத்தில் கட்டிய வீடுகளை ஆசிரியர்களுக்கு வெளிச்சந்தையைவிடக் குறைந்த விலைக்கு விற்கிறது. நிலம் உங்களுக்குச் சொந்தமாகாது, மறுவிற்பனை விலைக்கும் வரம்பு உண்டு. அதனால் பெரிய லாபம் எதிர்பார்க்க முடியாது, பெரிய அடியும் விழாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தகுதியுள்ள ஆசிரியர்களுக்குத் தனி வீட்டுக் கடன் திட்டமும் வைத்திருக்கிறது. வீட்டுவசதி அலுவலகத்தில் அவர் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று இந்த வாரமே விசாரியுங்கள். அது கிடைத்தால் டென்யூர் வரும்வரை காத்திருங்கள் என்றுகூடச் சொல்லமாட்டேன்.

அதுவரை சேமிப்பு? சிறிய ஊர் என்பதால் ஆறு மாதச் செலவு போதாது. ஓர் ஆண்டுச் செலவைத் தனியாக வையுங்கள். முன்பணத்துக்கான தொகையை அமெரிக்க அரசின் குறுகிய காலக் கருவூலப் பத்திரங்களில் போடலாம், அந்த வட்டிக்குக் கலிஃபோர்னியா மாநில வரி கிடையாது. இந்திய மியூச்சுவல் ஃபண்டில் மட்டும் போடாதீர்கள், அமெரிக்க வரி விதிகள் அதைப் படாதபாடு படுத்தும்.

கோயம்புத்தூர் நிலத்தைத் தொட வேண்டாம். அப்பா விற்றால் மூலதன ஆதாய வரி கட்ட வேண்டி வரலாம். ஒரு நிதியாண்டில் அவர் அனுப்பக்கூடியது 2.5 லட்சம் டாலர், 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு கணக்குத் தாக்கல் செய்து அதைச் சரிக்கட்டலாம் என்றாலும், அதுவரை பணம் முடங்கும். ஓர் ஆண்டில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் நீங்கள் அமெரிக்காவில் 3520 படிவம் தரவேண்டும். வரி இல்லைதான், ஆனால் மறந்தால் அபராதம் கடுமை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பட்டா அவர் பெயரில் சரியாக இருக்கிறதா பாருங்கள், வில்லங்கச் சான்று எடுங்கள், உயில் எழுதச் சொல்லுங்கள். இப்போதைக்கு அந்த நிலத்தில் உங்களுக்கு உள்ள வேலை அவ்வளவுதான்.