பள்ளியில் மாணவர்களே "பொறுப்பான தொழில்நுட்பப் பயன்பாடு" பற்றிப் பிரசாரம் செய்தால் யாராவது கேட்பார்களா?

"11-ஆம் வகுப்பு படிக்கிறேன். போன், இணையத்தைப் பொறுப்பாகப் பயன்படுத்துவது பற்றியும் படிப்புக்கு உதவும் தளங்கள் பற்றியும் மற்ற மாணவர்களுக்குச் சொல்ல ஒரு குழு போட்டு, அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் 11-ஆம் வகுப்பில் இதே மாதிரி ஒரு குழுவில் இருந்தவள். அதனால் கேள்வியைப் பார்த்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை.

கேட்பார்கள். எங்கள் பள்ளியில் கேட்டார்கள். ஆனால் முதல் மாதம் ஒருவரும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், மேடையில் தடுமாறாமல் பேசுவீர்கள், அதனால் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னை அப்படித்தான் சேர்த்தார்கள். சாத்தூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, 2022-ஆம் வருடம். ஆறு பேர் சேர்ந்து சார்ட் வாங்கி, ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, மாடிப்படி ஓரமாக ஒட்டினோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி வாசித்ததும் நான்தான். "ஓடிபியை யாரிடமும் சொல்ல மாட்டேன், தெரியாதவர்கள் அனுப்பும் லிங்க்கைத் தொட மாட்டேன்" என்று நான் சொல்லச் சொல்ல மொத்தப் பள்ளியும் திருப்பிச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு வரிசையில் என் தங்கையும் நின்றாள்.

மூன்று வாரம் கழித்து அம்மாவின் கணக்கிலிருந்து 9,800 ரூபாய் போய்விட்டது. மகளிர் குழுவில் எடுத்த கடனில் மிச்சம் வைத்திருந்த பணம் அது. க்யூஆரை ஸ்கேன் செய்தது என் தங்கை.

நடந்தது இதுதான். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார் (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்). சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு போன். கல்வி ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் தங்கையின் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். தங்கை எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றிருந்தாள். அதில் தேர்வானவர்களுக்கு மாதம் 1,000 வீதம் வருடத்துக்கு 12,000 ரூபாய், 12-ஆம் வகுப்பு வரை கிடைக்கும். அந்தப் பணம் எப்போது வரும் என்று வீட்டில் தினமும் பேசிக்கொண்டிருந்த நேரம். "உங்க பொண்ணுக்குப் பணம் வந்திருக்கும்மா, க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டா கணக்குல ஏறிடும்" என்றிருக்கிறான். பக்கத்து வீட்டு அக்கா போனுக்குப் படத்தை வரவழைத்து, அம்மாவின் போனில் தங்கை ஸ்கேன் செய்தாள். அம்மா நான்கு இலக்க எண்ணைப் போட்டார்.

தங்கை அதை ஏன் சந்தேகிக்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. 2018 முதல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கும். திக்‌ஷா என்ற அரசின் கல்வி ஆப்பில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். ஊரடங்கில் பள்ளி பூட்டிக் கிடந்த காலத்தில் அவள் படித்ததே கல்வித் தொலைக்காட்சியிலும் அந்தக் கோடுகளிலும்தான். அவளைப் பொறுத்தவரை அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை ஸ்கேன் செய்தால் ஏதாவது கிடைக்கும். எதையாவது எடுத்துக்கொண்டு போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் உறுதிமொழியில் ஓடிபி இருந்தது, லிங்க் இருந்தது, க்யூஆர் என்ற வார்த்தையே இல்லை.

இரண்டு நாள் இருவருமே வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று அம்மா, அக்கா திட்டுவாள் என்று தங்கை. மூன்றாம் நாள் அவள் சாப்பிடாமல் படுத்திருந்ததைப் பார்த்து விசாரித்தபோதுதான் வெளியே வந்தது. உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தோம், புகார் பதிவானது. பணம் அதற்குள் கைமாறிப் போயிருந்தது, திரும்பி வரவே இல்லை. இந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு. அந்த இரண்டு நாள் மௌனம்தான் எங்களுக்கு நஷ்டம். நீங்கள் குழுவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும் என்றால் அந்த எண்ணைச் சொல்லுங்கள், பயந்துகொண்டு மறைக்காதீர்கள் என்று சொல்லுங்கள்.

இங்கே ஒரு ஆதங்கத்தைக் கொட்டாமல் இருக்க முடியவில்லை. வங்கியில் விவரம் கேட்கப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் "ஆசைப்பட்டா இப்படித்தான்மா ஆகும்" என்றார். இணையத்திலும் இப்படி ஒரு செய்தி வந்தால் கீழே "பேராசை பெருநஷ்டம்" என்று எழுத நாலு பேர் வந்துவிடுகிறார்கள். என் அம்மா எதற்கும் பேராசைப்படவில்லை. மகள் தேர்வெழுதி ஜெயித்த பணம், அரசாங்கமே தருவதாகச் சொன்ன பணம், அது வந்திருக்கிறது என்று ஒருவன் சொன்னான், நம்பினார். மாணவியின் பெயரும் வகுப்பும் அவனுக்கு எப்படிப் போயின என்று இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதால்தான் அடுத்தவர் இரண்டு நாள் வாய் திறக்காமல் இருக்கிறார். இதைப் படிக்கும் பெரியவர்கள் தயவுசெய்து அதை யோசியுங்கள்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் டீச்சரிடம் நடந்ததைச் சொல்லி, குழுவிலிருந்து விலகிவிடுகிறேன் என்றேன். சொந்த வீட்டிலேயே தடுக்க முடியாதவள் ஊருக்கு என்ன சொல்வது என்று இருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதையே வகுப்புல சொல்றியா?" என்று கேட்டார். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எட்டாம் வகுப்பில் போய்ச் சொன்னேன். பேசி முடிப்பதற்குள் ஒரு பையன் எழுந்து, விளையாட்டு ஆப்பில் அப்பா பணம் 1,500 ரூபாய் போனதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்றான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. மாடிப்படி சார்ட்டைப் பார்த்து ஒருவரும் எங்களிடம் வந்ததில்லை.

அடுத்து வந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்குச் செய்து காட்டலாம் என்றார் டீச்சர். அம்மா தானே வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். டீச்சர் தன் போனில் ஒரு ரூபாய்க்கு க்யூஆர் எடுத்து வைத்தார். அம்மா ஸ்கேன் செய்தார். பின் நம்பர் கேட்கும் திரை வந்ததும் போனை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, "இந்த எடத்துலதான் நான் நின்னுருக்கணும்" என்றார். எண்ணைப் போட்டார், ரூபாய் போனது. பிறகு டீச்சர் அதே ஒரு ரூபாயைத் திருப்பி அனுப்பினார். அம்மாவின் போன் மேசையில் கிடந்தபடியே சத்தம் போட்டது, யாரும் தொடவில்லை. முன் பெஞ்சில் இருந்த ஓர் அம்மா, "வர்ற பணத்துக்கு ஒண்ணுமே கேக்கலையே!" என்றார். அவ்வளவுதான் பாடம். பணம் வாங்குவதற்கு யுபிஐயில் பின் போடத் தேவையே இல்லை. என்எம்எம்எஸ் மாதிரியான உதவித்தொகையும் மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாக ஏறும், அதற்கு யாரும் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை.

"போனையே பிள்ளைகள் கையில் கொடுக்காதே" என்று இதற்குக் கீழே எழுதப் போகிறவர்கள் இருப்பீர்கள், தெரியும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி எங்கள் வகுப்புக்கு 2021-இல்தான் மறுபடி ஒழுங்காகத் திறந்தது. அதுவரை போனில் படி என்று சொன்னவர்கள் பெரியவர்கள்தான். ஒரு பள்ளியில் நடந்ததை வைத்துப் பேசுகிறாள் என்றும் சொல்லலாம். ஆமாம், எனக்குத் தெரிந்தது ஒரு பள்ளிதான். மற்ற ஊர்களில் எப்படியோ, அதைப் பற்றி நான் பேசவில்லை.

கற்றல் வளங்கள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் நாங்கள் செய்த உருப்படியான வேலை ஒரு நோட்டு. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருந்த எல்லா க்யூஆரையும் டீச்சர் போனில் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, பக்கம் எத்தனை, வீடியோ திறக்கிறதா, எத்தனை நிமிடம், எத்தனை எம்பி, புரிகிறதா என்று எழுதினோம். எம்பி எழுதியது என் தோழியின் யோசனை. அவள் வீட்டில் ஒரே போன், தினமும் ஒன்றரை ஜிபி, அதில்தான் அண்ணன், அப்பா எல்லோரும். எந்த வீடியோவுக்கு டேட்டா செலவழிக்கலாம் என்று தெரிந்தால் அவளுக்குப் பெரிய உதவி. அந்த நோட்டை நூலக அலமாரியில் நூல் கட்டித் தொங்கவிட்டோம். ஓரம் கிழிந்து அட்டை போகும் அளவுக்குப் புரட்டினார்கள்.

அப்புறம் ஃபெட். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தளம், அறிவியல் செய்முறைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம், இலவசம். பல செய்முறைகளை, ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் எடுத்துப் போகலாம், பிறகு இணையம் வேண்டாம். ஹைடெக் லேபில் நெட் வராத நாளிலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் கம்பியும் பல்பும் பேட்டரியும் கோத்து ஓமின் விதியைப் பார்த்தார்கள். தமிழ் விக்கிப்பீடியாவையும் கிவிக்ஸ் என்ற, இணையம் இல்லாமல் படிக்க உதவும் இலவச ஆப் மூலம் அப்படியே இறக்கிக்கொள்ளலாம். பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தைக் காட்டுங்கள். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் அங்கே முழுதாக இருக்கிறது. அதைத் திறந்து காட்டிய அன்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி "இதெல்லாம் தமிழ்லயே இருக்கா அக்கா?" என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மடிக்கணினி இருந்திருந்தால் இதையெல்லாம் வீட்டுக்கே கொண்டுபோயிருக்கலாம். 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் பெரியப்பா மகளுக்குக் கிடைத்தது, எங்கள் செட்டுக்கு வரவே இல்லை. பென் டிரைவோடு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வருத்தம் வரும்.

ஒரு எச்சரிக்கை. உங்களிடம் பிள்ளைகள் மனம் விட்டுப் பேச ஆரம்பித்தால் பணத்தைவிடப் பெரிய விஷயங்களும் வரும். எங்களிடம் ஒரு மாணவி, தெரியாத ஒருவன் தன் படத்தை வைத்து மிரட்டுகிறான் என்று சொன்னாள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். அதை நாங்களே தீர்க்கப் பார்க்கவில்லை, அன்றே டீச்சரிடம் கூட்டிப்போனோம், அவள் கையை விடாமல் கூடவே உட்கார்ந்திருந்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அவன் எண்ணுக்கு நீங்கள் போன் செய்து திட்டுவது, படத்தை ஆதாரத்துக்கென்று உங்கள் போனுக்கு வாங்கி வைப்பது எதுவும் வேண்டாம். நம்பிக்கையான ஆசிரியர் இல்லை என்றால் 1098 இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண். அதை மட்டும் சார்ட்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், கழிப்பறைப் பக்கம் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ள முடியும்.

குழுவில் ஆள் சேர்க்க இன்னும் இடம் இருந்தால், நன்றாகப் பேசுகிறவர்கள் ஏற்கெனவே இருப்பார்கள், ஒரு தடவை ஏமாந்தவர் ஒருவரைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். என் தங்கையை அடுத்த வருடம் சேர்த்தார்கள். ஆறாம் வகுப்புக்கு அவள்தான் போனாள். பாடப்புத்தகத்தைத் திறந்து க்யூஆரைக் காட்டி, "இது நமக்குக் குடுக்கும்" என்பாள். பிறகு ஒரு பெட்டிக்கடை அட்டையில் இருக்கும் க்யூஆரைக் காட்டி, "இது நம்மகிட்ட வாங்கும்" என்பாள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளைகள் தாங்களே வித்தியாசம் சொல்லும் வரை காத்திருப்பாள்.