ஹாலிவுட்டுக்கு எதிரே சொந்தச் சினிமா: கேள்வி பதில்

கேள்வி: வெளிநாட்டுப் படங்களைத் தடை செய்துதான் தென்கொரியா தன் சினிமாவை வளர்த்ததாமே, உண்மையா சார்?

பதில்: தடை இல்லைங்க, ஒதுக்கீடு. 1966-இல் வந்த ஏற்பாடு அது. ஒவ்வொரு தியேட்டரும் ஆண்டுக்கு இத்தனை நாள் உள்ளூர்ப் படம் ஓட்டியாக வேண்டும். பின்னாளில் அது 146 நாள் என்றானது. 1988-இல் அமெரிக்க நிறுவனங்கள் நேரடி விநியோகத்தில் இறங்கின. 1993-இல் கொரியப் படங்களின் உள்நாட்டுச் சந்தைப் பங்கு ஏறக்குறைய 16 சதவீதத்துக்குச் சரிந்தது. ஒதுக்கீட்டைக் காப்பாற்ற 1999-இல் இயக்குநர்கள் தெருவில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார்கள். அப்படியும் 2006-இல், அமெரிக்காவுடனான வணிக ஒப்பந்தப் பேச்சுக்காக, அது 73 நாளாகக் குறைக்கப்பட்டது.

கேள்வி: பாதியாகக் குறைத்தும் கொரிய சினிமா விழவில்லையே. அப்போ அந்தச் சட்டமே வீண்தானே?

பதில்: நான் அப்படிப் பார்க்கவில்லை. குறைத்த நேரத்தில் வேர் பிடித்துவிட்டிருந்தது. 1996-இல் அரசியல் சாசன நீதிமன்றம் முன்தணிக்கையை ரத்து செய்தது, அதே ஆண்டு பூசான் திரைப்பட விழா பிறந்தது, பெருநிறுவனப் பணமும் அரசு உதவியும் வந்து சேர்ந்தன. இவை எல்லாம் கூடிவரும்வரை திரையைக் காத்துவைத்தது அந்த ஒதுக்கீடு.

கேள்வி: நான் எதைப் பார்க்கணும்னு சொல்ல அரசு யாருங்க?

பதில்: நியாயமான கோபம். ஆனால் தியேட்டருக்கே வராத படத்தை நீங்கள் எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்? பெரிய படம் ஒன்று எல்லாத் திரைகளையும் பிடித்துவிட்டால் உங்கள் விருப்பமும் சேர்ந்துதான் சுருங்குகிறது. இதில் எனக்குப் பிடித்தது பிரான்ஸின் வழி. அங்கே சினிமா டிக்கெட்டில் சுமார் 10.7 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், ஹாலிவுட் படமானாலும் சரி. 1946-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட மையத்துக்குப் போகும் அந்தப் பணம் அடுத்த பிரெஞ்சுப் படத்துக்கு உதவுகிறது. யார் பார்ப்பதையும் யாரும் தடுக்கவில்லை.

கேள்வி: யுனெஸ்கோ ஒப்பந்தம் ஏதோ இருக்கிறதே?

பதில்: நாடுகள் தங்கள் பண்பாட்டுப் படைப்புகளின் பன்மையைக் காக்கலாம் என்கிற ஒப்பந்தம் அது. 2005-இல் நிறைவேறியது. ஆதரவு 148, எதிர்ப்பு 2: அமெரிக்காவும் இஸ்ரேலும். இந்தியாவும் ஏற்றிருக்கிறது. மீறினால் தண்டனை கிடையாது என்பதுதான் அதன் பலவீனம்.

கேள்வி: ஓடிடி காலத்தில் இதெல்லாம் செல்லுமா?

பதில்: 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஓடிடி பட்டியலில் குறைந்தது 30 சதவீதம் ஐரோப்பியப் படைப்புகள் வேண்டும் என்றது. பட்டியலில் கிடந்தால் போதாது, பார்வையாளர் கண்ணில் படும்படி முன்னே வைக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. எதை முன்னே காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணினி நிரல்தான் முடிவு செய்கிறது. கண்காணிப்பு அங்கேதான் தேவை.